கோன்களுக்கு நடுவே ஓடும் நொடிகளும் ஆட்டத்தில் கிடைக்கும் இடமும்

வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, சிறுவர் கால்பந்துக் குழுக்களில் கூம்பு வடிவ அடையாளங்களான கோன்களை வைத்து நடத்தப்படும் அஜிலிட்டி டெஸ்ட்டை, அதாவது விரைந்து திசை மாறும் திறனைச் சோதிக்கும் ஓட்டத்தைப் பற்றியும், அதன் முடிவைக் கொண்டு பிள்ளைகளுக்கு ஆடும் இடம் ஒதுக்கப்படுவதைப் பற்றியுமே இருந்தன. எனவே இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. இரண்டு ஆண்டுகளாக வலப்பக்க விங்கராக, அதாவது களத்தின் ஓரமாக ஓடித் தாக்குபவனாக, ஆடி வந்தான். சென்ற மாதம் அவனுடைய குழுவில் டி-டெஸ்ட் நடத்தினார்கள். அதில் கடைசி ஐந்து பேருக்குள் வந்துவிட்டான் என்பதால், இனிமேல் தற்காப்பின் நடுவில் நிற்கும் ஸ்டாப்பராகத்தான் ஆட வேண்டும் என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார். ஒரே ஓட்டத்தை வைத்து ஒரு பிள்ளையின் இடத்தை மாற்றலாமா, ஐயா?

பதில்: மாற்றக் கூடாது. ஆனால் காரணம் தெரியாமல் நீங்கள் பயிற்சியாளரிடம் போனால் பேச்சு வார்த்தை தடித்துவிடும் என்பதால், சற்று விரிவாகவே சொல்கிறேன்.

டி-டெஸ்ட்டில் நான்கு கோன்கள் ஆங்கில எழுத்தான டி-யின் வடிவத்தில் வைக்கப்படுகின்றன. பிள்ளை 9.14 மீட்டர் நேராக ஓடி நடுக் கோனைத் தொட வேண்டும். அங்கிருந்து கால்கள் ஒன்றையொன்று குறுக்கிடாமல் 4.57 மீட்டர் இடப்பக்கம் நகர்ந்து, பிறகு அதே முறையில் 9.14 மீட்டர் வலப்பக்கம் சென்று, மறுபடி நடுவுக்கு வந்து, கடைசியாக முதுகுப்புறமாகவே ஓடித் தொடங்கிய இடத்தை அடைய வேண்டும். மொத்தத் தூரம் 36.56 மீட்டர். இதில் பாதி பக்கவாட்டு நகர்வு, கால் பங்கு பின்னோக்கிய ஓட்டம். முன்னோக்கி ஓடுவது எஞ்சிய கால் பங்கு மட்டுமே. எதிராளியை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்வதும் பின்வாங்குவதும் யாருடைய வேலை? ஸ்டாப்பருடைய வேலை. ஆக, தற்காப்பு ஆட்டக்காரரின் கால்வேலையைப் பெரிதும் சோதிக்கும் ஓர் ஓட்டத்தில் பின்தங்கிய பையனைத் தற்காப்புக்கே அனுப்பியிருக்கிறார்கள்! சோதனையை நம்புவதாக இருந்தால்கூட, முடிவு தலைகீழாக எடுக்கப்பட்டிருக்கிறது.

இன்னொரு குறையும் உண்டு. எந்தக் கோனில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது ஓடத் தொடங்கும் முன்பே பிள்ளைக்குத் தெரியும். ஆட்டத்தில் அப்படித் தெரிவதில்லை. ஷெப்பர்டு, யங் என்ற இரு ஆய்வாளர்கள் 2006-இல் எழுதிய கட்டுரையில் அஜிலிட்டிக்கு ஒரு வரையறை கொடுத்தார்கள்: ஏதேனும் ஒரு தூண்டலைக் கண்டு, அதற்கு ஏற்ப முழு உடலின் வேகத்தையோ திசையையோ விரைந்து மாற்றுவதே அஜிலிட்டி. அந்த வரையறையின்படி பார்த்தால் டி-டெஸ்ட் அளப்பது திசை மாற்றும் வேகத்தை மட்டும்தான். எதிராளியின் இடுப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று கண்டு முடிவெடுக்கும் பாதி அதில் இல்லவே இல்லை. அதே ஆண்டில் ஷெப்பர்டும் உடன் ஆய்வாளர்களும் ஆஸ்திரேலிய ஃபுட்பால் (நம் கால்பந்திலிருந்து வேறான ஆட்டம்) ஆட்டக்காரர்களை இரண்டு வகையாகவும் சோதித்தார்கள். முன்கூட்டியே தெரிந்த பாதையில் ஓடியபோது உயர்நிலை ஆட்டக்காரர்களையும் அடுத்த நிலையினரையும் பிரித்தறிய முடியவில்லை. எதிரே நிற்பவரின் அசைவைப் பார்த்துத் திரும்பச் சொன்னபோது உயர்நிலையினர் தெளிவாக முந்தினார்கள்.

ஓட்ட வேகமும் திரும்பும் வேகமும் ஒன்றென்று நினைப்பவர்களுக்கும் ஒரு சான்று இருக்கிறது. லிட்டில், வில்லியம்ஸ் ஆகியோர் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், 106 தொழில்முறைக் கால்பந்து ஆட்டக்காரர்களின் 10 மீட்டர் வேகத்தையும் வளைந்து வளைந்து ஓடும் வேகத்தையும் ஒப்பிட்டார்கள். ஒன்றில் ஆளுக்கு ஆள் தெரியும் வேறுபாட்டில் சுமார் 12 விழுக்காட்டை மட்டுமே மற்றதைக் கொண்டு விளக்க முடிந்தது. நேராகப் பாய்பவர் எல்லோரும் நன்றாகத் திரும்புபவர் அல்லர்.

பயிற்சியாளரிடம் நீங்கள் கேட்க வேண்டியவை மூன்று: எத்தனை முறை ஓடவிட்டார்கள், பக்கவாட்டு நகர்வை முன்பே பழக்கிவிட்டுத்தான் சோதித்தார்களா, ஆட்டத்தில் அவனை இந்தக் கண்ணோட்டத்தோடு யாராவது பார்த்தார்களா? மற்றபடி, பன்னிரண்டு வயதில் சில மாதங்கள் ஸ்டாப்பராக ஆடுவது அவனுக்கு நல்லதுதான். விங்கரைத் தடுத்துப் பார்த்தவனுக்கு விங்கராக ஆடும்போது எதிராளியின் சங்கடம் தெரியும். ஆனால் 'நீ மெதுவானவன், அதனால்தான் இங்கே' என்று சொல்லி அனுப்பினால் அந்தப் பாடம் அவனுக்குள் இறங்காது.

கேள்வி: நான் பள்ளி உடற்கல்வி ஆசிரியர். என்னிடம் இருப்பவை ஒரு ஸ்டாப் வாட்ச், ஒரு அளவு நாடா, பத்து கோன்கள். இல்லினாய், டி-டெஸ்ட், 505 ஆகிய மூன்றில் எதை நடத்தலாம்? முடிவை எப்படிப் படிப்பது?

பதில்: ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் 505 சோதனையை எடுங்கள். இல்லினாய் சோதனை பழமையானது, நடத்துவதும் எளிது: 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம் கொண்ட களத்தில், நடுவே 3.3 மீட்டர் இடைவெளியில் நான்கு கோன்கள், குப்புறப் படுத்த நிலையிலிருந்து தொடக்கம். ஆனால் அது முடியப் பதினைந்து நொடிக்கு மேல் ஆகும். அதில் பெரும்பகுதி நேர் ஓட்டத்திலேயே கழிந்துவிடுவதால், திரும்பத் தடுமாறும் பிள்ளையும் ஓடி ஈடுகட்டிவிடுவான். நீங்கள் பார்க்க விரும்பியது மறைந்துபோகும்.

505-இல் மறைய இடமில்லை. பிள்ளை 10 மீட்டர் ஓடி வந்து ஒரு கோட்டைக் கடக்கும்போது நேரம் தொடங்குகிறது. மேலும் 5 மீட்டர் சென்று, எல்லைக் கோட்டில் ஒரு காலை ஊன்றி முழுவதுமாகத் திரும்பி, அதே 5 மீட்டரைக் கடந்து முதல் கோட்டுக்கு வந்ததும் நேரம் நிற்கிறது. இடக்காலில் ஊன்றி மூன்று முறை, வலக்காலில் ஊன்றி மூன்று முறை, ஒவ்வொன்றுக்கும் இடையே இரண்டு மூன்று நிமிட ஓய்வு. இரண்டு கால்களுக்கும் இடையே உள்ள வேறுபாடே பயிற்சியில் எதைக் கவனிக்க வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லிவிடும்.

இதனோடு 10 மீட்டர் நேர் ஓட்டத்தையும் தனியே அளந்து, 505 நேரத்திலிருந்து கழித்துப் பாருங்கள். ஒருவன் 10 மீட்டரை 1.95 நொடியிலும், இன்னொருவன் 2.10 நொடியிலும் ஓடுகிறார்கள்; 505-இல் இருவருக்கும் 2.75 என்று வைத்துக்கொள்வோம். பட்டியலில் இருவரும் சமம். ஆனால் முதலாமவனுக்குத் திரும்புவதற்கான கூடுதல் செலவு 0.80 நொடி, இரண்டாமவனுக்கு 0.65. முதலாமவனுக்கு வேகம் இருக்கிறது, வேகத்தை அடக்கி நிறுத்தத் தெரியவில்லை; இரண்டாமவனுக்குத் திரும்பத் தெரியும், பாய்ச்சல் போதவில்லை. இருவருக்கும் ஒரே பயிற்சியைக் கொடுத்தால் ஒருவனுக்காவது அது வீண்.

ஸ்டாப் வாட்ச்சைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கையால் அளக்கும் நேரம், மின்னணுக் கருவி காட்டுவதைவிடப் பொதுவாக ஐந்தில் ஒரு நொடி அளவுக்குக் குறைவாகவே வரும். ஓட்டம் தொடங்கியதைக் கண்டபின் அழுத்துகிறோம், முடிவதை முன்கூட்டியே எதிர்பார்த்து அழுத்திவிடுகிறோம். எனவே முதல் சோதனைக்கும் மறு சோதனைக்கும் அழுத்துபவர் ஒருவராகவே இருக்கட்டும். கைப்பேசியில் நொடிக்கு 240 படங்கள் எடுக்கும் மெதுவியக்க வசதி இருந்தால், அதைக் கோட்டுக்கு நேராக வைத்து எடுத்துப் படங்களை எண்ணுவது இன்னும் மேலானது. காலணியும் தரையும்கூட மாறக் கூடாது.

நானே இதில் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். ஆறு வாரப் பயிற்சிக்குப் பின் மறுபடி சோதித்தபோது எல்லாப் பிள்ளைகளின் நேரமும் 0.2 நொடி குறைந்திருந்தது. மகிழ்ச்சியோடு பெற்றோரிடம் சொல்லியும் விட்டேன். கோன்களை எடுக்கும்போது ஏதோ உறுத்தியதால் நாடாவை விரித்துப் பார்த்தேன். எல்லைக் கோடு ஏறத்தாழ அரை மீட்டர் முன்னால் தள்ளி இருந்தது. அன்று காலையில் அவசரத்தில் காலடியால் அளந்து கோன் வைத்தவன் நான்தான். போக அரை, வர அரை என்று ஒரு மீட்டர் குறைந்திருந்தது. பிள்ளைகளின் முன்னேற்றம் அவ்வளவும் அதற்குள் அடங்கிவிட்டது.

கேள்வி: ஒவ்வோர் இடத்துக்கும் வெவ்வேறு வகையான அஜிலிட்டி தேவையா? அப்படியானால் அதைக் கொண்டு இடத்தை ஒதுக்குவதில் என்ன தவறு?

பதில்: தேவை வேறுபடுவது உண்மை. ஆனால் அந்த வேறுபாடுகளைக் கோன் சோதனைகள் பிடிப்பதில்லை. இங்கிலாந்தின் பிரீமியர் லீக் ஆட்டக்காரர்களைக் கவனித்து 2007-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஓர் ஆட்டக்காரர் ஒரு போட்டியில் சராசரியாக எழுநூறு முறைக்கு மேல் திரும்புவதாகவோ வளைவதாகவோ கணக்கிட்டார்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை 90 பாகைக்கு உட்பட்டவை. நாம் சோதிக்கும் 180 பாகைத் திருப்பம் ஆட்டத்தில் சிறு பங்குதான்.

சென்டர் பேக் என்றும் அழைக்கப்படும் ஸ்டாப்பரை எடுத்துக்கொள்வோம். எதிராளி பந்தோடு வரும்போது அவர் உடலைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி, முழங்காலை மடக்கி, சிறு சிறு அடிகளாகப் பின்வாங்குகிறார். பந்து அவரைத் தாண்டித் தட்டப்பட்ட கணத்தில் இடுப்பைத் திறந்து மறுபக்கம் திரும்பிப் பாய வேண்டும். அந்த ஒரு திருப்பத்தில் பின்னங்கால் தரையில் சிக்கிக்கொண்டால் கதை முடிந்தது. ஆனால் நல்ல ஸ்டாப்பருக்கு அந்த நிலையே அடிக்கடி வராது, ஏனெனில் பந்து அடிக்கப்படும் முன்பே அவர் இரண்டடி பின்னால் போயிருப்பார். இத்தாலியின் ஃபாபியோ கன்னவாரோ சுமார் 176 சென்டிமீட்டர் உயரமே உடையவர். அந்த இடத்துக்குக் குள்ளம் என்றுதான் எவரும் சொல்வார்கள். 2006 உலகக் கோப்பையை வென்ற அணிக்குத் தலைவராக இருந்து, அதே ஆண்டு, சிறந்த கால்பந்து ஆட்டக்காரருக்கான பாலன் தோர் விருதையும் பெற்றார்.

நடுக்கள ஆட்டக்காரருக்குத் திரும்புவதைவிடத் திரும்பிப் பார்ப்பது முக்கியம். பந்து கால்களுக்கு வருமுன் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொள்ளும் பழக்கத்தை நார்வே ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார். அதிகம் பார்ப்பவர்களின் பாஸ்கள் அதிகம் வெற்றி பெறுகின்றன என்று காட்டியிருக்கிறார். எந்தப் பக்கம் இடம் காலியாக இருக்கிறது என்று முன்பே தெரிந்தவருக்குக் காலில் கால் நொடி தாமதம் இருந்தாலும் பாதகமில்லை. முன்கள ஆட்டக்காரரின் அசைவு வேறு: ஒரு பக்கம் போவதுபோல் ஓரடி வைத்து, காவலாளின் எடை அந்தப் பக்கம் சாய்ந்ததும் மறுபக்கம் பாய்வது. இதில் ஏமாற்றுபவர் அவர், ஏமாறுபவர் ஸ்டாப்பர்; ஒருவருக்கு அசைவை உண்டாக்கத் தெரிய வேண்டும், மற்றவருக்கு அதைப் படிக்கத் தெரிய வேண்டும். கோல்கீப்பரின் கதையே தனி. இரண்டு மூன்று பக்கவாட்டு அடிகள், ஒரு பாய்ச்சல், விழுந்த வேகத்தில் எழுந்து அடுத்த அடியைத் தடுப்பது என்று இருக்கும் ஒருவரை இல்லினாய்க் களத்தில் ஓடவிட்டு என்ன தெரிந்துகொள்ள முடியும் என்று எனக்குப் புரியவில்லை.

முன்கள ஆட்டக்காரர்கள் வேகமானவர்கள் என்று காட்டும் பட்டியல்களைப் பார்க்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. வேகமான பிள்ளையைப் பத்து வயதில் முன்னால் நிறுத்தியவர் பயிற்சியாளர்; பதினான்கு வயதில் அளந்து, முன்னால் நிற்பவர்கள் வேகமானவர்கள் என்று கண்டுபிடிப்பவரும் அவரேதான்.

கேள்வி: என் மகனுக்குப் பதின்மூன்றரை வயது. ஓர் ஆண்டில் ஒன்பது சென்டிமீட்டர் வளர்ந்துவிட்டான். சென்ற ஆண்டைவிட அவனுடைய அஜிலிட்டி நேரம் மோசமாகியிருக்கிறது. பயிற்சியில் சோம்பல் காட்டுகிறானோ என்று சந்தேகிக்கிறார்கள்.

பதில்: சோம்பலாக இருக்க வாய்ப்பு குறைவு. ஆண் பிள்ளைகளுக்கு உயரம் மிக வேகமாகக் கூடும் காலம் பெரும்பாலும் பதின்மூன்றரை முதல் பதினான்கு வயதை ஒட்டியும், பெண் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வயதை ஒட்டியும் வருகிறது. ஆளுக்கு ஆள் ஓரிரு ஆண்டுகள் முன்பின் இருக்கும். முதலில் கால்கள் நீள்கின்றன, உடற்பகுதி பின்னர்தான் வளர்கிறது. நேற்றுவரை பழகிய கால்களின் நீளத்துக்கு ஏற்ப மூளை போட்டு வைத்த கணக்கு இன்றைய கால்களுக்குப் பொருந்துவதில்லை. கோனுக்கு அருகில் அவன் வருவதைக் கவனித்துப் பாருங்கள்: முன்பு மூன்று சிறு அடிகளில் வேகத்தைக் குறைத்தவன், இப்போது ஒரே நீண்ட அடியில் நிறுத்தப் பார்க்கிறான், உடல் கோனைத் தாண்டிப் போய்விடுகிறது, கால் பின்னால் நிற்கிறது.

இந்தத் தடுமாற்றம் எல்லோருக்கும் வருவதில்லை, வந்தாலும் சில மாதங்களில் அடங்கிவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நாளின் அதே நேரத்தில் உயரத்தை அளந்து, சோதனை நேரத்துக்குப் பக்கத்திலேயே குறித்து வையுங்கள். உயரம் பாய்கிற காலாண்டில் நேரம் மோசமாகியிருந்தால் பயிற்சியாளருக்கு அந்தத் தாளே பதில் சொல்லும். குதிகாலிலோ முழங்காலுக்குச் சற்றுக் கீழேயோ வலி என்று அவன் சொன்னால், அது வளரும் எலும்பில் தசைநார் இழுக்கும் இடம் என்பதால், திடீரென நிறுத்தித் திரும்பும் சோதனைகளை ஒத்திவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். வலியோடு எடுத்த நேரத்தால் எவருக்கும் பயனில்லை.

கேள்வி: தரையில் விரிக்கும் ஏணியில் கால்களை வேகமாக வைத்துப் பழகினால் அஜிலிட்டி கூடுமா?

பதில்: ஏணியில் கால் வைப்பது நன்றாக வரும். பார்ப்பதற்கு அழகாக இருக்கும், பிள்ளைகளுக்கும் பிடிக்கும், உடலைச் சூடாக்கப் பயன்படும், அவ்வளவே. அதில் வேகத்தைக் கூட்டவும் இல்லை, அடக்கவும் இல்லை, தலையோ குனிந்தே இருக்கிறது. அந்த நேரத்தில் பத்து மீட்டர்ச் சதுரத்துக்குள் தொட்டுப் பிடித்து விளையாட விடுங்கள், அல்லது ஒருவருக்கு ஒருவர் பந்தோடு மோத விடுங்கள். எதிராளியின் அசைவைப் பார்த்துத் திரும்பும் சோதனைக்குக் கருவி வேண்டுமே என்று கவலைப்படுபவர்களுக்கும் இதே விளையாட்டுத்தான் வழி: நீங்கள் எதிரே நின்று இடமோ வலமோ ஓரடி எடுத்து வையுங்கள், பிள்ளை அதே பக்கத்துக் கோனை நோக்கி ஓடட்டும். நேரத்தோடு, எத்தனை முறை தவறான பக்கம் சாய்ந்தான் என்பதையும் எழுதுங்கள்.

கேள்வி: ஒன்பது வயதுப் பெண்ணுக்கு நிரந்தரமான ஓர் இடத்தை முடிவு செய்யலாமா?

பதில்: வேண்டாம். அந்த வயதில் பல நாடுகளில் ஏழு பேர் கொண்ட அணிகளாகத்தான் ஆடவே விடுகிறார்கள். பதினொரு பேர் ஆட்டத்தின் இடங்கள் அங்கே முழுமையாக இல்லை. பெரியவர்களுக்கே இடம் மாறுகிறது. கேரத் பேல் இடப்பக்கத் தற்காப்பில் தொடங்கி விங்கரானார். விங்கராக ஆடிக்கொண்டிருந்த தியரி ஆன்ரி, 1999-இல் ஆர்செனலுக்கு வந்த பிறகே நடு முன்கள ஆட்டக்காரராக உருவெடுத்தார். உங்கள் மகள் கோல் காப்பது உட்பட எல்லா இடத்திலும் ஆடட்டும்.

கேள்வி: என் மகன் டிசம்பர் இறுதியில் பிறந்தவன். ஜனவரி ஒன்றைக் கணக்கில் கொண்டு வயதுப் பிரிவு அமைப்பதால், அவனுடன் ஓடுபவர்கள் ஏறத்தாழ ஓர் ஆண்டு மூத்தவர்கள். ஒவ்வொரு சோதனையிலும் பின்தங்குகிறான். பந்து காலில் இருக்கும்போது அவன் அப்படித் தெரிவதில்லை.

பதில்: நீங்கள் கண்டது பலரும் கண்டதுதான். ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் தேர்வு அணிகளில் மிகுதியாக இருப்பதைக் கனடாவின் ஐஸ் ஹாக்கியில் 1985-இல் சுட்டிக் காட்டினார்கள். பிறகு கால்பந்திலும் நாட்டுக்கு நாடு அதுவே தெரிந்தது. பிறந்த மாதம் ஒன்று. உடல் முதிர்ச்சி இன்னொன்று. ஒரே மாதத்தில் பிறந்த இருவருக்குள்ளேயும் முதிர்ச்சியில் இரண்டு மூன்று ஆண்டு இடைவெளி இருக்கலாம். இதற்காகவே இங்கிலாந்தில் 2015 முதல், வயதை விட்டுவிட்டு, பிள்ளை பெரியவனானால் எட்டக்கூடிய உயரத்தைக் கணித்து, அதில் 85 முதல் 90 விழுக்காட்டை எட்டியவர்களை ஒன்றாக ஆடவிட்டுப் பார்த்தார்கள். சீக்கிரம் வளர்ந்த பையன்கள் உடல் பலத்தைக் கொண்டு தப்ப முடியாமல் நுட்பத்தைத் தேட வேண்டியிருந்தது. தாமதமாக வளர்பவர்களுக்குத் தங்கள் நுட்பத்தைக் காட்ட இடம் கிடைத்தது.

உங்கள் குழுவில் அதையெல்லாம் நடத்துவது கடினம். ஆனால் சோதனைப் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் பிறந்த மாதத்துக்கும் ஒரு பத்தி போடச் சொல்வதில் செலவு ஒன்றுமில்லை. சோதனை முடிந்ததும் முதல் பத்து இடங்களில் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் எத்தனை என்று பயிற்சியாளரே எண்ணிப் பார்ப்பார்.